பிஎச்டிக்கு இடம் தேடியபோது நான் பார்த்தவை

மதுரையில் எம்எஸ்சி கடைசி செமஸ்டர் படித்துக்கொண்டே இயற்பியல் பிஎச்டிக்கான நுழைவுத் தேர்வான ஜெஸ்ட் எழுதினேன், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆர் நடத்தும் ஜிஎஸ் நுழைவுத் தேர்வும் எழுதினேன். அப்போது எனக்கு இருந்தது ஒரே ஆசை, அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்க்கும் ஸ்ட்ரிங் தியரி. அந்தத் துறையில் பெரிய பெயரான அசோக் சென் பல வருடம் இருந்த பிரயாக்ராஜ் எச்ஆர்ஐ (ஹரிஷ் சந்திரா ஆய்வு நிறுவனம்), பெங்களூரு ஐசிடிஎஸ் (கோட்பாட்டு அறிவியல் மையம்), தரமணியில் எல்லோரும் மாட்சயன்ஸ் என்று சொல்லும் கணித அறிவியல் நிறுவனம், இவற்றில் எங்கே கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடுவது என்றிருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு நேர்காணல். எந்த இடம் என்பது வேண்டாம். பெட்டிக்குள் தரைநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், அடைபட்ட துகள், ஒரு சுவர் நகர்ந்து பெட்டியின் அகலம் திடீரென இரண்டு மடங்கானால் அது புதிய தரைநிலையில் இருக்க நிகழ்தகவு என்ன என்று கேட்டார்கள். கரும்பலகையில் தொகையிட்டு 32/9π², கிட்டத்தட்ட 0.36 என்று கொண்டுவந்தேன், சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்ததும் அங்கிருந்த ஒரு சீனியர் அண்ணன் சொன்னார், நான் யாரிடம் சேர நினைத்தேனோ அந்தப் பேராசிரியர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார், புது மாணவர்களை எடுப்பதில்லை என்று. அவர் கட்டுரைகளைத்தான் ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். இதை அவர்களுடைய இணையதளத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம், இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். இப்படிப்பட்ட ஆய்வு நிறுவனங்கள் சிலவற்றுக்குப் பட்டம் தரும் பல்கலைக்கழகமான எச்பிஎன்ஐயின் கீழ் வரும் நிறுவனங்களின் ஆய்வேடுகளில் முன்பக்கத்திலேயே மாணவரின் கட்டுரைப் பட்டியல் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆர்க்கைவ் இணையதளத்தில் ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்தேன்: வழிகாட்டி இல்லாமல், வேறு மாணவர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை உண்டா, படிப்பு முடிந்ததும் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை) எங்கே கிடைத்தது, முடிக்க எத்தனை வருடம் ஆனது. நன்றியுரைப் பக்கத்தையும் விடாமல் படியுங்கள், யார் யாரிடம் உட்கார்ந்து பேசினார்கள் என்பது அதில்தான் தெரியும். நான்காம், ஐந்தாம் வருட மாணவர்களுக்கு மெயில் போட்டேன், பாதிப் பேர் போனிலேயே பேசினார்கள். கைடு வாரத்தில் எத்தனை முறை பார்ப்பார், இடையில் கைடு மாற்ற வேண்டிவந்தால் என்ன நடக்கும், இதைத்தான் கேட்டேன். உதவித்தொகையை வைத்து முடிவெடுக்க எதுவும் இல்லை. 2023 முதல் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000, நான் பார்த்த இடங்களில் எல்லாம் அதேதான். ஹாஸ்டல் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் கையில் இரண்டு இடம். ஒன்றில் எனக்குப் பிடித்த துறையில் ஒரே ஒருவர், பெரிய பெயர். இன்னொன்று மாட்சயன்ஸ், அங்கே நான் சேர்ந்து வேலை செய்யக்கூடியவர்கள் நான்கைந்து பேர், அதே வளாகத்தில் கணிதக்காரர்கள், கணினி அறிவியல்காரர்கள், முதல் வருடம் பாடங்களை முடித்த பிறகு கைடு முடிவு செய்தால் போதும். அப்பா பெரிய பெயர் பக்கம்தான் நின்றார், நான் தரமணிக்கு வந்தேன்.

இரண்டாவது செமஸ்டரில் இயற்பியலாளர் கிடாயேவின் டோரிக் கோடு, அதாவது குவாண்டம் தகவலைப் பிழையிலிருந்து காக்கும் ஒரு மாதிரி, பற்றிப் படித்தோம். ஒரு தளத்தின் வடிவம், அதில் உள்ள துளைகளின் எண்ணிக்கை, இதை மட்டும் வைத்துத் தரைநிலைகள் எத்தனை என்று சொல்ல முடிகிறது, டோனட் வடிவத்தில் நான்கு. அன்று இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு மாதம் யோசித்துவிட்டு அந்தப் பக்கமே கைடு தேடிக்கொண்டேன், அதே கட்டடத்தில் மூன்று அறை தள்ளி. ஸ்ட்ரிங் தியரி செமினார்களுக்கு இப்போதும் போகிறேன்.