பசிக்குப் பால் போதும், தாலாட்டு எதுக்கு?

இயற்கையே கடவுளோட அன்புக்கு சாட்சின்னு யாராவது ஃபார்வர்ட் அனுப்புவாங்க, கூடவே ஒரு சூரிய உதயம் போட்டோ இருக்கும், நான் பெரும்பாலும் தள்ளிவிட்டுட்டுப் போயிடுவேன். நம்பிக்கை இல்லாம இல்ல. அந்த மாதிரி போட்டோல எல்லாமே துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும், ஒரு பூச்சி கூட கண்ணுல படாது, அதான் ஒட்டாது. எனக்கு ஒட்டினது ஒரு மயிலிறகு.

மயிலிறகோட கண் இருக்குல்ல, அது மேல வெளிச்சம் விழற மாதிரி பிடிச்சு லேசா திருப்பிப் பாருங்க. நடுவுல கருநீலம், சுத்தி பளபளன்னு நீலப்பச்சை, அப்புறம் வெண்கலம், திருப்பத் திருப்ப மாறிட்டே இருக்கும். இப்ப அதையே ஜன்னலுக்கு நேரா தூக்கி, வெளிச்சம் பின்னாடி வர்ற மாதிரி பிடிங்க. அவ்ளோ கலரும் காணாம போய் வெறும் பழுப்பு தான் மிஞ்சும். ஏன்னா அதுல நீலச் சாயமும் கிடையாது, பச்சைச் சாயமும் கிடையாது. இருக்கறது மெலனின், நம்ம முடியைக் கறுப்பாக்கற அதே மெலனின் தான். அது கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிக் குச்சிகளா வரிசையா அடுக்கியிருக்கு, அடுக்கோட இடைவெளி கொஞ்சம் மாறினா பச்சை, இன்னும் கொஞ்சம் மாறினா நீலம். வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பறப்ப தான் கலரே பிறக்குது.

உடனே "பாத்தீங்களா, இப்படி ஒரு டிசைன் இருந்தா டிசைனர் இருக்கணுமே"ன்னு வாதம் பண்ண எனக்கு இஷ்டமில்ல. அதுக்கு அறிவியல்ல பதில் இருக்கு, நல்ல பதில். டார்வினையே இந்த இறகு படுத்தி எடுத்திருக்கு, 1860 ஏப்ரல்ல ஆசா கிரேங்கற தாவரவியல் நண்பருக்கு எழுதின கடிதத்துல மயில் இறகைப் பாக்கறப்பல்லாம் குமட்டிட்டு வருதுன்னே எழுதியிருக்கார் (மனுஷன் எவ்ளோ நொந்து போயிருக்கணும்). உயிர் பிழைக்க உதவாத, சொல்லப்போனா தப்பிச்சு ஓட இடைஞ்சலான அழகு எதுக்கு? 1871ல அவரே விடையும் சொல்லிட்டார். பெண் மயிலுக்குப் பிடிச்சிருக்கு, பிடிச்சதைப் பாத்து ஜோடி சேருது, அதனால தலைமுறைக்குத் தலைமுறை அழகு கூடுது.

சரி, ஒத்துக்கறேன். ஆனா பெண் மயிலுக்குப் பிடிச்சது எனக்கு ஏன் பிடிக்கணும்? பூ மலர்றது தேனீக்காக, சாயங்கால வானம் சிவக்கறது நீல ஒளி வர்ற வழியிலேயே சிதறிடறதால, எதுவுமே என்னை மனசுல வெச்சு நடக்கல, இருந்தும் பாக்கறப்ப மனசு நிறைஞ்சு போகுது. குழந்தை பசிச்சு அழுதா பால் போதும், வயிறு ரொம்பிடும், ஆனா அம்மா அதோட நிறுத்தறதில்லையே, தாலாட்டும் சேத்து தான பாடறா. எனக்கு அன்புன்னா அந்த உபரி தான். கடவுளோட சக்தியைக் காட்ட ஒரு இடி போதும், அதுக்கு நான் மயிலிறகை ரசிக்கணும்னு அவசியமே இல்ல. அந்த ரசனையும் பரிணாமத்துல வந்தது தான்னு சொல்லுவீங்க. வந்துட்டுப் போகட்டுமே, வந்த வழி தெரிஞ்சுட்டா குடுத்தவர் இல்லன்னு ஆயிடுமா?

ஆனா இதோட முடிச்சா நானும் அந்த ஃபார்வர்ட் கோஷ்டி தான். அதே 1860, அதே ஆசா கிரே, மே மாசம் டார்வின் இன்னொரு கடிதம் எழுதறார். ஒரு வகைக் குளவி, உயிரோட இருக்கற புழுவோட உடம்புக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு பொரிச்சு புழுவை உள்ளேர்ந்தே தின்னு வளரும். கருணையும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் இதை வேணும்னே படைச்சிருப்பார்னு என்னால நம்ப முடியலங்கறார். மயிலிறகை விட இந்தக் கடிதம் தான் என்னை ரொம்ப நாள் தூங்க விடாம பண்ணுச்சு.

மனுஷனோட பாவத்தால கெட்டுப்போன, 'விழுந்த' உலகம் இதுன்னு சொல்றவங்க இருக்காங்க, கர்மான்னு சொல்றவங்க இருக்காங்க, புழுவுக்கு வலி தெரியாதுன்னு கூட ஒருத்தர் சமாதானம் சொன்னார். எதுவும் எனக்கு இறங்கல. அழகை மட்டும் கடவுள் கணக்குல வரவு வெச்சுட்டு குளவியை இயற்கை தலையில கட்டறது நேர்மையே இல்ல. அதனால பிரார்த்தனைல ரெண்டையும் தான் எடுத்துட்டுப் போறேன். இறகுக்கு மனசார நன்றி சொல்லிட்டேன், குளவி விஷயத்துல மட்டும் அவரோட இன்னும் சண்டை தான்.