வகுப்பில் நிலைகொள்ளாத பிள்ளை இரவில் எப்படி மூச்சு விடுகிறது?

வட்டார வள மையத்தில், கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராகப் பணியாற்றும் என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு பெயரைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். ‘மெல்லக் கற்பவன்’, ‘கவனமே இல்லை’, ‘ஒரு நிமிடம் உட்கார மாட்டான்’, ‘பாதி நேரம் தூக்கம்தான்’ என்று வகுப்பாசிரியர் சொல்லி அனுப்புவார். அந்தப் பெயர்கள் தவறான நோக்கத்தில் சூட்டப்படுபவை அல்ல. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துபவருக்குக் கண்ணில் படுவது அதுதான். ஆனால் கற்றல் குறைபாடு என்றோ கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ADHD) என்றோ படிவத்தில் எழுதுவதற்கு முன்னால், பார்வையையும் செவித்திறனையும் சோதிப்பது போலவே, அந்தப் பிள்ளை இரவில் எப்படி மூச்சு விடுகிறது என்பதையும் விசாரித்தாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

“ராத்திரி நல்லாத் தூங்குவானா?” என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “அசந்து தூங்குவான் டீச்சர், குறட்டைகூட விடுவான்.” குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதுவது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. அதனால் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறானா? மின்விசிறி ஓடும்போதும் தலை வியர்க்கிறதா? குறட்டை திடீரென நின்று, சற்று நேரம் ஓசையே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மூச்சை இழுக்கிறானா? மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே ஒடுங்குகிறதா? இந்த இடத்தில் பல தாய்மார் பேச்சை நிறுத்திவிட்டு, அந்த ஓசையைத் தாங்களே எழுப்பிக் காட்டுவார்கள். பாட்டியோடு படுக்கும் பிள்ளை என்றால் பாட்டியைத்தான் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியும் அளவுக்குத் தாய்க்கும் தெரிவதில்லை. படுக்கையை நனைக்கும் விஷயத்தை மட்டும் யாரும் பிள்ளைகள் சூழ்ந்திருக்கும் இடத்தில் சொல்வதில்லை. தனியே அழைத்துக் கேட்டால்தான், “இன்னும் நிக்கல டீச்சர்” என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். உறக்கத்தில் மூச்சு தடைபடும் பிள்ளைகளிடம் இது அடிக்கடி காணப்படும் அறிகுறி என்பதால் அந்தத் தகவல் முக்கியமானது.

உறக்கத்தில் மூச்சுத்தடை நோய் உள்ள பிள்ளையின் உடலுக்குள் நடப்பது இதுதான். மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்னும் சதையும், தொண்டையின் இருபுறமும் டான்சில்களும் இருக்கின்றன. ஏறத்தாழ 2 முதல் 8 வயது வரையில், மூச்சுப் பாதையின் அளவோடு ஒப்பிடும்போது இவை மிகப் பெரிதாக இருக்கும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் பாதையைத் திறந்து வைத்திருக்கும். உறக்கத்தில் அவை தளர்ந்ததும், ஏற்கெனவே குறுகலான பாதை மேலும் ஒடுங்குகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்கிப் பாதையைத் திறக்கிறது. பிள்ளைக்கு இது எதுவும் நினைவிருக்காது. பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி நேர்ந்தால் நோய் என்று கருதுகிறார்கள். குழந்தைகளுக்கு ஒரு முறைக்கு மேல் போனாலே இயல்பு மீறியதாகக் கொள்கிறார்கள். பிள்ளைகளிடம் இந்தத் தடை கனவு காணும் உறக்கத்தில்தான் மிகுதியாக வருகிறது, அந்த உறக்கமோ இரவின் பிற்பகுதியில்தான் நீள்கிறது. பத்து மணிக்கு விளக்கை அணைக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணுமில்லை” என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்லவில்லை. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு நடப்பதை அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குறட்டை விடும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. வழக்கமாகக் குறட்டை விடுபவர்கள் பத்துக்கு ஒருவர் என்றால், உறக்கத்தில் மூச்சுத்தடை நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. ஒரு தொடக்கப்பள்ளிக்கு அது சிறிய எண்ணிக்கை அன்று.

இந்த நோய் ஆசிரியர்களின் கண்ணுக்குத் தப்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. உறக்கம் கெட்ட பெரியவர் கொட்டாவி விடுவார், கண் அயர்வார். உறக்கம் கெட்ட குழந்தையோ பல நேரங்களில் அதற்கு நேர்மாறாகத் துள்ளும், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும், சின்னத் தோல்விக்கும் நோட்டை வீசி எறியும். தொடக்க வகுப்புகளில் எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் எல்லோரும் அட்டைகளைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது, இந்தப் பிள்ளை மட்டும் எழுந்து எழுந்து நடக்கும். ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் எழுதிவிடும். சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் பாதியில் நிற்கும். இன்னொரு வகைப் பிள்ளைகள் அமைதியாக இருப்பவர்கள், அவர்களில் பெண் பிள்ளைகளை அதிகம் பார்த்திருக்கிறேன். தொந்தரவு செய்யாத காரணத்தாலேயே அவர்கள் யார் கவனத்துக்கும் வருவதில்லை. காலையில் தலைவலி என்று சொல்லும், வாய் சற்றுத் திறந்தபடியே இருக்கும் அந்தச் சிறுமியை ‘சாது’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அடினாய்டு பெரிதாக இருக்கும் பிள்ளைகள் சிலருக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தேங்கிக் கேட்கும் திறனும் குறைந்திருக்கும். அவர்களுக்குச் சொல்லின் முற்பகுதி கேட்கும். மெலிந்து ஒலிக்கும் ஈறும் வேற்றுமை உருபும் நழுவும். தமிழில் பொருள் பெரும்பாலும் அந்த ஈற்றில்தான் இருக்கிறது. இரவில் கெட்ட உறக்கம் ஒரு பக்கம், பகலில் பாதி கேட்கும் காது மறுபக்கம் என்று இரட்டைச் சுமையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்று கண்டிப்பதைப் பார்க்கும்போது என் மனம் பொறுப்பதில்லை.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையும் அன்று. வாயால் மூச்சு விட்டு, இரவில் குறட்டை விடும் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்குவதை வில்லியம் ஹில் என்னும் மருத்துவர் 1889-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். 1998-இல் டேவிட் கோசல் அமெரிக்காவில், முதல் வகுப்பில் மதிப்பெண் வரிசையின் அடிமட்டத்தில் இருந்த 297 பிள்ளைகளைச் சோதித்து, அவர்களில் 54 பேருக்கு உறக்கத்தில் மூச்சுச் சிக்கல் இருப்பதைக் கண்டார். அடினாய்டையும் டான்சிலையும் அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 24 பேரின் மதிப்பெண்கள் அடுத்த ஆண்டில் உயர்ந்தன. பெற்றோர் சிகிச்சைக்கு இசையாத மற்றவர்களிடம் அந்த உயர்வு இல்லை. இங்கிலாந்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வும், சிறு வயதிலேயே குறட்டையும் வாய்மூச்சும் உள்ளவர்களுக்கு 7 வயதில் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஆகவே இந்த விசாரணையை முதல் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் அங்கன்வாடியிலேயே தொடங்குவது நல்லது.

இனி, பெற்றோரிடம் பேசக் கடினமான பகுதிக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்பில் படித்த ஒரு சிறுவனுக்கு அடினாய்டும் டான்சிலும் அகற்றப்பட்டன. சில வாரங்களில் குறட்டை நின்றது, படுக்கை நனைவது நின்றது, தட்டில் வைத்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிடத் தொடங்கினான். வகுப்பாசிரியர், “இப்போது உட்கார்கிறான், அடிதடி இல்லை” என்றார். ஆனால் பருவம் முடியும்போது அவன் தாய் வருத்தத்தோடு, “ஆபரேஷன் பண்ணியும் எழுத்து வரலையே டீச்சர்” என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுள்ள 464 பிள்ளைகளை, உடனே அறுவை சிகிச்சை பெறுபவர்கள், காத்திருப்பவர்கள் என இரு பிரிவாக்கி ஏழு மாதங்கள் கவனித்து, 2013-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்விலும் இதையே காண்கிறோம். உடனே அறுவை சிகிச்சை பெற்றவர்களின் நடத்தையும் உறக்கமும் வாழ்க்கைத் தரமும் தெளிவாக மேம்பட்டன. கவனத்தையும் திட்டமிடும் திறனையும் அளக்கும் தேர்வில் மட்டும், காத்திருந்தவர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இதிலிருந்து சிகிச்சை வீண் என்று முடிவுகட்டுவது பிழை. ஒரு பயிற்றுநராக நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம் வேறு. சீரான உறக்கம் பிள்ளையைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. அவன் தவறவிட்ட பாடத்தை அது கற்றுக்கொடுத்துவிடாது. அந்தச் சிறுவன் முதல் வகுப்பு முழுவதும் வகுப்பறையில் இருந்தான், ஆனால் உயிர்மெய் வரிசை அவனுக்குள் போகவில்லை. எனவே அவனை மீண்டும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் தொடக்கநிலையான ‘அரும்பு’ நிலையில் வைத்து, ககர வரிசையிலிருந்து தொடங்கினோம். முன்பு பத்து முறை சொன்னாலும் நிற்காதது இப்போது நின்றது. அதற்கும் மாதங்கள் பிடித்தன. சிகிச்சை முடிந்ததும் கோப்பை மூடிவிடும் வழக்கம் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும் அநீதி இழைக்கிறது. மருத்துவர் கைவிடும் இடத்தில் ஆசிரியர் கைகொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் கத்தி தேவைப்படுவதில்லை. அதே 2013 ஆய்வில், அறுவை சிகிச்சை இல்லாமல் காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினரின் உறக்கப் பரிசோதனை தானாகவே இயல்புக்குத் திரும்பியது. சிகிச்சை பெற்றவர்களில் அது 79 விழுக்காடு. ஒவ்வாமையால் மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் முதலில் முயன்று பார்ப்பார். உடல் பருமன் உள்ள பிள்ளைக்கு எடைக் குறைப்பும் சேர வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கோ, குறட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் உறக்கப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு பரிந்துரைக்கிறது. இல்லம் சார்ந்த பயிற்சிக்காக நாங்கள் வீடு தேடிச் செல்லும் பிள்ளைகளில் இவர்களும் உண்டு என்பதால், சக பயிற்றுநர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத்திட்டத்தின் (RBSK) மருத்துவக் குழு வேனில் பள்ளிக்கு வருகிறது. அதன் தேசியப் பட்டியலில் உள்ள 30 நிலைகளில் காது நோய், செவித்திறன் குறைவு, கற்றல் குறைபாடு, கவனக்குறைவு எல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. உறக்கத்தில் மூச்சுத்தடைக்கு ஒரு வரி இல்லை. அந்த வரி வரும்வரை நாங்கள் பரிந்துரைக் கடிதத்தின் கீழே கையால் எழுதி அனுப்புகிறோம். முழு இரவு உறக்கப் பரிசோதனைக்கு எல்லா ஊர்களிலும் வசதி இல்லை என்பதால், அந்தத் திட்டத்தின் மேல் பரிசோதனைக்கான மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் முன் பெற்றோரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: விடியற்காலையில் எழுந்து, பிள்ளையின் மேல்சட்டையை விலக்கி, நெஞ்சும் முகமும் தெரியும்படி, ஓசையும் பதிவாகும்படி இரண்டு நிமிடம் செல்பேசியில் எடுத்துக்கொண்டு போங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரின் அறையில் பகல் பதினொரு மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் தெரியாத பலவற்றை அவர் அந்தக் காணொளியில் பார்த்துவிடுவார்.