நிறுத்தாமல் கேட்டவை

விளையாட்டுப் போட்டி, விடுதிச் சாப்பாடு, அதிபரின் பிரம்பு ஆகியவற்றை நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது இசையைப் பற்றி. முதலிலிருந்து கடைசிவரை, வரிசை குலையாமல் கேட்டால்தான் முழுமையாகப் பிடிபடுகிற இசைத்தொகுப்புகள் சில உண்டு. அப்படிக் கேட்கும் பழக்கம் எனக்கு நம் கல்லூரி நாள்களில் வந்தது. இசை வகுப்பில் அல்ல, சைக்கிள் டைனமோவில்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. நம் வகுப்பினர் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை. அப்போது பௌதிகவியல் பாடத்தில் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவது பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம், ரேப் ரெக்கோடருக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் நான்கு டயோட், ஒரு கொள்ளளவி. படத்தைக் கரும்பலகையில் வரைந்து முடித்த சேர், திரும்பி நின்று, "இதை வீட்டில் செய்து பாருங்கள், பாட்டுக் கேட்கலாம்" என்றார். பரீட்சைக்கு வராத எதையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. அன்று மாலையே பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்து டயோட் தேட ஆரம்பித்தோம்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின்சில்லோடு பொருத்தி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். ரேப் ரெக்கோடர் பாடத் தொடங்கும். சுற்றுகிறவன் கை சற்றுத் தளர்ந்தாலும் மின்னழுத்தம் விழும், நாடா மெதுவாகும், வயலின் அரைச் சுரம் கீழே இறங்கி அழும். கூடியிருப்பவர்கள் எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள். ஒரே சீராகச் சுற்றுவதே ஒரு வாத்தியம் வாசிப்பதாக இருந்தது. சுருதியை விடாமல் பிடித்துக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தோள்பட்டையால் கற்றவர்கள் நாங்கள்.

பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக அங்கே வழியில்லை. வேகமாக ஓட்டும் பொத்தானை அழுத்தினால் மோட்டார் கூடுதலாக மின்சாரத்தை இழுக்கும், பெடல் கனத்துவிடும். திரும்பக் கேட்பதற்கோ கசெற்றை வெளியே எடுத்துப் பேனையைச் செருகிச் சுற்ற வேண்டும். ஆகவே 'ஏ' பக்கம் தொடங்கினால் முடியும்வரை கேட்போம். பிறகு திருப்பிப் போட்டு 'பி' பக்கம். பிடித்தது, பிடிக்காதது, விளங்கியது, விளங்காதது எல்லாம் அதனதன் இடத்தில் வந்து போகும். முதல் மாதம் அலுப்புத் தந்த ஒரு பகுதிக்காக அடுத்த மாதம் காத்திருக்கத் தொடங்கியதை அப்போதுதான் கண்டேன்.

அதற்கு முன் நாங்கள் வளர்ந்தது ரெக்கோடிங் பார் காலத்தில். கொப்பித் தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிடக் கசெற்றில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். கடைசியில் இடம் மிஞ்சினால் கடைக்காரர் தம் விருப்பத்துக்கு ஒரு பாட்டைச் சேர்த்து, அதையும் பாதியில் வெட்டிவிடுவார். அந்தக் கசெற்றுகளையும் நேசித்தோம். ஆனால் அவற்றின் வரிசை நம் பென்சிலிலிருந்து வந்த வரிசை. இசையமைத்தவரே இதற்குப் பின் இது என்று முடிவு செய்த ஒன்றை நான் முதலில் கேட்டது, வகுப்புத் தோழன் ஒருவனின் அண்ணா கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்த கசெற்றில்தான்: இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'.

1986இல் வெளிவந்த தொகுப்பு அது. திரைப்படம் எதற்கும் சொந்தமில்லாதது. பாட்டில்லை, பாடகர் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் யொகான் செபஸ்தியன் பாக்குக்கும் காணிக்கை. முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மன். முதல்நாள் கேட்டபோது எங்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள், "எப்போது பாடத் தொடங்குவார்கள்?" என்று ஒருவன் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தான். நான் போகாததற்குக் காரணம், அன்றைக்குப் பெடல் என் முறை.

அதன் இரண்டாம் பாதியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா' என்று ஒரு பகுதி வருகிறது. மேற்கத்திய நரம்பு வாத்தியக் குழு, திருவையாற்று மகானை வாசலில் வந்து வரவேற்கிறது. அது முடிந்ததும் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டீட்டாவின் (பல பகுதிகள் கொண்ட கோவை) முதற்பகுதியை நரசிம்மன் வாசிக்க, அதைச் சுற்றி இளையராஜா தம்முடைய இழைகளைப் பின்னிக்கொண்டே போகிறார். பாக்கின் ஒரு சுரத்தையும் அவர் தள்ளி வைக்கவில்லை. வந்த விருந்தாளியைக் கதிரையில் இருத்திவிட்டு வீட்டார் சுற்றி உட்கார்ந்து பேசுவதைப் போல இருக்கும். அடுத்த பகுதியின் பெயரே, இருவரும் பேசிக்கொண்டோம் என்பது. அதற்கடுத்தது 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே. வரவேற்பு, சந்திப்பு, உரையாடல், பிறகு ஒரு கண்டிப்பு. இந்த நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக் கேட்கிறவருக்கு அழகான வயலின் கிடைக்கும். நான்கையும் வரிசையாகக் கேட்கிறவருக்கு, பண்ணைப்புரத்தில் பிறந்து சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த ஒரு மனிதர், தமக்குள் இருக்கும் இரு மரபுகளையும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருத்தினார் என்ற முழுக்கதையும் கிடைக்கும். இதை நான் உணர்ந்து எழுதுகிறேன். தமிழர் ஒருவர் அமைத்த தொகுப்புகளில் இந்த வரிசைக்கு நிகராக நான் வைப்பது வேறெதுவும் இல்லை.

வரிசை என்பது நமக்குப் புதிதும் அல்ல. கோவில் திருவிழாவில் சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும்போது நாதஸ்வரத்தில் மல்லாரிதான் எழும். வித்துவானிடம் போய் மல்லாரியை விட்டுவிட்டு நேரே சினிமாப் பாட்டுக்கு வாருங்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கச்சேரியில் வர்ணம் முதலில், மங்களம் கடைசியில். இன்று நாம் கேட்கும் கச்சேரி ஒழுங்கை நிலைநிறுத்தியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். அவர் காலத்து ரசிகர்கள் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கோப்பி குடிக்கப் போனார்கள் என்பது வேறு விஷயம். தவில்காரர் ஊரில் பிறந்த நமக்கு அது பொறுக்காது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்ட மூத்தவர்கள் நம் ஒழுங்கையில் இருந்தார்கள். தனி தொடங்கியதும் சனம் இன்னும் நெருங்கி வந்து உட்காரும் என்பார்கள்.

இளையராஜாவின் அடுத்த தொகுப்பான 'நத்திங் பட் விண்ட்' 1988இல் வந்தது. ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலும் பெரிய வாத்தியக் குழுவும். ஐந்தே பகுதிகள். மூச்சு எடுத்துவிடும் இடங்கள்கூடக் கேட்கும். எங்கள் டைனமோவுக்கு அது ஒத்துவரவில்லை. வயலினில் மறைந்துபோகும் சிறு தளர்ச்சி புல்லாங்குழலின் நீண்ட கார்வையில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதைச் சரியான சுருதியில் கேட்க நான் கனடா வரவேண்டியிருந்தது.

1995 இடப்பெயர்வில் கசெற்றுகளும் புத்தகங்களும் வீட்டோடு போயின. அதைப் பற்றி இந்த மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் கூட்ட எதுவுமில்லை.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டுக்குக் கசெற்றில் வந்த பாக்கை அவருடைய வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஸ்காபரோவின் பொது நூலகத்தில் இறுவட்டு இரவல் எடுக்க முடிந்தது, கட்டணம் இல்லை. நூலகப் பணியாளரான ஒரு வயதான அம்மா, பாக் வேண்டுமென்றால் இந்த ஊர்ப் பிள்ளையிடமிருந்து தொடங்கு என்று ஒன்றை எடுத்துத் தந்தார். பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. அவர் ரொறன்ரோவில் 1932இல் பிறந்து இங்கேயே வாழ்ந்து 1982இல் இங்கேயே இறந்தவர் என்பதை உறையைப் படித்துத்தான் அறிந்தேன்.

பாக் 1741இல் அச்சிட்ட படைப்பு இது. முதலில் 'ஆரியா' என்னும் அமைதியான ஒரு மெட்டு. பிறகு அதை அடித்தளமாகக் கொண்டு உருமாறி வரும் முப்பது வேறுபாடுகள், அதாவது வேரியேஷன்கள். கடைசியில் அதே ஆரியா, ஒரு சுரமும் மாறாமல். வேறுபாடுகள் மேல்மெட்டைப் பின்பற்றுவதில்லை. அடியில் நடக்கும் மந்தர இழையையும் அதன் சுரக்கட்டையுமே பற்றிச் செல்கின்றன. ஒவ்வொரு மூன்றாவது வேறுபாடும் ஒரு கேனன்: ஒரு குரல் சொன்னதையே இன்னொரு குரல் சற்றுப் பின்னால் சொல்லிக்கொண்டு வரும். முதல் கேனனில் இரு குரல்களும் ஒரே சுரத்தில் தொடங்கும், அடுத்ததில் ஒரு படி விலகும், அதற்கடுத்ததில் இரண்டு படி. இப்படி இருபத்தேழாம் வேறுபாடுவரை விலகிக்கொண்டே போகும். சரிபாதியில், பதினாறாவதாக, புதிதாகக் கதவு திறப்பதுபோல ஒரு பிரெஞ்சு முகப்பிசை. இருபத்தைந்தாவது, மைனர் என்னும் சோகச் சாயலுள்ள சுரவரிசையில் அமைந்த நீண்ட துயரம். பியானோவுக்கு முந்திய வாத்தியமான ஹார்ப்சிகார்டின் கலைஞர் வாண்டா லாண்டொவ்ஸ்கா அதைக் கறுப்பு முத்து என்றார். அந்தத் துயரத்தைக் கடந்தபின் வரும் வேகமான பகுதிகளில் ஏற்படும் விடுதலை, இருபத்தைந்தாவதைத் தவிர்த்தவருக்குக் கிடைக்காது. கடைசியில் திரும்பி வரும் ஆரியா அதே சுரங்கள்தான். கேட்கிற நாம் மாறியிருக்கிறோம்.

கூல்ட் இதை இருமுறை பதிவு செய்தார். முதலாவது 1955இல், இருபத்திரண்டு வயதில். ஏறத்தாழ 38 நிமிடங்கள். கச்சேரி மேடையை 1964இல் விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தையே தம் அரங்காக்கிக்கொண்டவர், 1981இல் அதே நியூயோர்க் கூடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி வாசித்தார். இம்முறை 51 நிமிடங்கள். முதற்பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்த தொடக்க ஆரியா இங்கே மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. முதற்பதிவு பாய்கிறது. இரண்டாவதில் ஒரு வேறுபாட்டின் தாளம் அடுத்ததின் தாளத்தோடு கணக்கு வைத்துப் பேசுகிறது. காலப்பிரமாணம் தெரிந்த நம் காதுக்கு அது உடனே பிடிபடும். அந்தப் பதிவு வெளிவந்து சில வாரங்களுக்குள் அவர் மறைந்தார். மவுண்ட் பிளசன்ட் மயானத்தில் அவருடைய நடுகல்லில் ஆரியாவின் முதல் சில சுரங்களைப் பொறித்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நம் வகுப்பினரை நயாகராவுக்கு அழைத்துப் போவதற்கு முன் நான் அங்கேதான் அழைத்துப் போகிறேன். ஃபிரண்ட் வீதியில் கனடிய ஒலிபரப்புக் கட்டடத்தின் வாசலில் வாங்கில் அமர்ந்திருக்கும் அவரது வெண்கலச் சிலையும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கலாம்.

ராக் இசையில் எனக்குத் தேர்ச்சி குறைவு. மகன் வற்புறுத்திக் கேட்கவைத்த பிங்க் ஃபுளொய்ட் குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' (1973) மட்டும் இந்தப் பட்டியலில் சேரும். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிறது. நடுவில் ஒன்றோடொன்று பாட்டுகள் ஒட்டியிருக்கின்றன. அவனும் அதை நிறுத்தாமல்தான் கேட்கிறான் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்றைய இசைச் செயலிகளோடு எனக்கு உள்ள சண்டை இதுதான். ஆரியாவை மட்டும் பிய்த்தெடுத்துத் தூக்கம் வரவைக்கும் இசை என்று பட்டியலில் போடுகிறார்கள். அது முடிந்ததும் யாரோ ஒருவரின் பியானோ. முப்பதாவது வேறுபாட்டை அந்தப் பட்டியலில் யாரும் சந்திக்கப்போவதில்லை. அந்த முப்பதாவதோ நம்மைப் போன்றவர்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. கேனன் வரவேண்டிய இடத்தில், கோவாவும் நூக்கோலும் என்னைத் துரத்திவிட்டன என்று முறையிடும் நாட்டுப்பாடல் ஒன்றையும் இன்னொரு நாட்டுப்பாடலையும் பாக் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னியிருக்கிறார். பாக்கின் வாழ்க்கையை 1802இல் எழுதிய ஃபோர்க்கெல், பாக் குடும்பத்தார் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்தில் கூடி, முதலில் தேவாலயப் பாடல் பாடி, பிறகு நாட்டுப்பாடல்களைக் கலந்து பாடிச் சிரிப்பார்கள் என்று எழுதுகிறார். தேவாரத்தில் தொடங்கிப் பைலா ஆட்டப்பாட்டில் முடியும் நம் ஒன்றுகூடலை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு இராப்போசனத்துக்கு முன், விரும்புகிறவர்கள் மட்டும் ஒரு மணி நேரம் முந்தி வாருங்கள். மண்டபத்தின் சிறிய அறையில் நல்ல ஒலிபெருக்கி வைத்துக் கோல்ட்பெர்க்கை முழுவதும் போடுவோம்; தொலைபேசிகள் வெளியே. லண்டனிலிருந்து வரவிருக்கும் பழைய டைனமோத் தோழன் 1955 பதிவுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். இளமையின் வேகம் வேண்டுமாம். நான் 1981 பக்கம். இருபத்தைந்தாவது வேறுபாட்டுக்கு அந்த வயது வேண்டும். அதற்குப் பின் 'ஹவ் டு நேம் இட்' போடலாம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. வாக்களிக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். தொடங்கியபின் கதவு சாத்தப்படும். பிந்தி வருகிறவர்கள் தேநீர் மேசையில் காத்திருக்கலாம்.