டார்ஜிலிங் எஞ்சினில் எத்தனை பேர்?

கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் சமவெளிப் பாதையைக் கட்டுவதற்குப் பொறுமை இருந்தால் போதும். தண்டவாளத்தை இழுக்க வேண்டும், நிலையங்களை வைக்க வேண்டும், மிச்சத்தை வயலாலும் பனைமரத்தாலும் நிரப்ப வேண்டும். டார்ஜிலிங் மலை ரயில் கைக்கு வந்த பிறகுதான், ரயில் என்றால் இன்னது என்று மென்பொருள் தன்பாட்டுக்கு எவ்வளவு முடிவுசெய்து வைத்திருக்கிறது என்பது புரிந்தது.

முதல் தகராறு நிலத்தோடு. 610 மில்லிமீட்டர் அகலமே உள்ள இந்தப் பாதை, நியூ ஜல்பைகுரியில் சுமார் 100 மீட்டர் உயரத்தில் கிளம்பி, கும் நிலையத்தில் 2,258 மீட்டரைத் தொட்டு, அங்கிருந்து டார்ஜிலிங்குக்கு இறங்குகிறது. மொத்தம் 88 கிலோமீட்டர். ஊட்டி ரயிலுக்குக் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் கைகொடுக்கிறது. இங்கே அது கிடையாது, சுரங்கமும் கிடையாது. ரயில் தன்னையே சுற்றிக்கொண்டும், முன்னும் பின்னுமாக இசட் போட்டுக்கொண்டும்தான் ஏறுகிறது.

மலைகளின் உயரத்துக்கு எங்களிடம் இருந்தது 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடம் எடுத்த ரேடார் அளவீடு. அதில் சுமார் 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே ஓர் உயரம். திந்தாரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அகனி பாயின்ட் வளைவின் ஆரமோ 20 மீட்டருக்கும் குறைவு. மேலே போகும் தண்டவாளமும் கீழே வரும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் விழுந்து, ரயில் மண்ணுக்குள் புகுந்து வெளியே வந்தது. கடைசியில் முறையையே தலைகீழாக்கினோம். ஏறக்குறைய இருபத்தைந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் தண்டவாளத்தை முதலில் போட்டுவிட்டு, மலையை அதன் பக்கம் இழுத்து ஒட்டினோம். 1879 முதல் 1881 வரை அந்தப் பாதையைப் போட்டவர்களுக்கு இந்த வசதி இல்லை.

எந்தக் காலத்தைக் காட்டுவது என்பதில் அதிகம் பேசவில்லை. டீசல் எஞ்சின்கள் வருவதற்குச் சற்று முந்தைய நாட்கள், யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற 1999. சுக்னாவுக்கு மேலே காட்டுக்குள் இருந்த வளையத்தையும் சேர்க்கலாமே என்று ஒருவர் ஆசைப்பட்டார். அது 1991 வெள்ளத்தோடு போய்விட்டது, எனவே சேர்க்கவில்லை.

அடுத்தது சாலை. ரயிலுக்குத் தனி இடம் உண்டு, இருபுறமும் ஜல்லிச் சரிவு உண்டு, சாலை குறுக்கே வந்தால் கேட் உண்டு என்பது எங்கள் மென்பொருளின் நம்பிக்கை. டார்ஜிலிங் ரயில் ஒட்டியே ஓடும் ஹில் கார்ட் ரோட்டில் இதில் எதுவும் செல்லாது. தண்டவாளம் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை தாவுகிறது. கேட் என்று எதுவும் இல்லாமல், விசிலை நம்பித்தான் ஓட்டம். கர்சியாங் கடைத்தெருவில் பெட்டியிலிருந்து கை நீட்டினால் கடைப் பொருளைத் தொடலாம். 'கட்டடத்துக்குள் ரயில் போகிறது' என்று எங்கள் சோதனைக் குழு பிழை பதிவுசெய்தது. 'போகவில்லை, உரசிக்கொண்டு போகிறது, அது அப்படித்தான்' என்று எழுதி மூடினேன். மறுபடி திறந்தார்கள். புகைப்படங்களை இணைத்த பிறகுதான் அடங்கியது.

இதெல்லாம் நேரம் கொடுத்தால் தீர்கிற வேலை. எஞ்சின்தான் ஆளுக்கொரு கருத்தாக எங்களைப் பிரித்தது.

பி வகுப்பு எஞ்சின், 1889-இல் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனத்தார் கட்டத் தொடங்கியது. நான்கே சக்கரம். தண்ணீர்த் தொட்டி பாய்லரின் முதுகில் சேணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஓட்டுநர், ஃபயர்மேன் போக, நிலக்கரிமேல் உட்கார்ந்து அதை உடைத்துக் கொடுக்க ஓர் ஆள், முன்பக்க பஃபர் பலகையில் நின்று, சக்கரம் சறுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் கையால் மணல் தூவ இரண்டு பேர். ஐந்து பேரின் வேலையை நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கொடுக்கப் போகிறோம். சிமுலேட்டரில் மணலுக்கு ஒரு பட்டன் ஏற்கெனவே இருந்தது. "அதை அழுத்தினா ரெண்டு பொம்மையும் கையை ஆட்டட்டும், முடிஞ்சுது" என்றார் எங்கள் குழுத் தலைவர். வேலை அட்டவணையைப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

தெற்கே மீட்டர் கேஜில் நீராவி எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்காகச் சோதித்துப் பார்க்க வருவார். ஈரமான ஏற்றத்தில் சக்கரம் சறுக்கியதும் எங்கள் குழுப் பையன் மணல் பட்டனை அழுத்துவதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, சுத்துற சக்கரத்துக்கு அடியில மணலக் கொட்டினா ராடு வளைஞ்சிடாதா? முதல்ல ஆவியை மூடு. அப்புறம் மணல். நல்ல ஆளுன்னா சறுக்கறதுக்கு முன்னாடியே போட்டிருப்பான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். முன்னாடியே போடுவது யார்? ஓட்டுநர் இல்லை. பாய்லருக்குப் பின்னால் நிற்பவருக்குத் தண்டவாளத்தின் ஈரம் எங்கே தெரியப்போகிறது? அதைப் பார்க்கிறவர்கள் முன்னால் நிற்கும் அந்த இருவர்தான். அப்படியென்றால் மணல் ஓட்டுகிறவரின் பட்டனாக இருக்கவே கூடாது.

ஆகவே அந்த இரண்டு உருவங்களுக்கும் தனிக் கண் கொடுத்தோம். நிழல் விழுந்த வளைவு, கும்முக்குக் கீழே மூடுபனி, சாலையிலிருந்து வழிந்த சேறு எதுவானாலும் அவர்களே பார்த்துத் தூவுவார்கள். ரயில் மெதுவாகப் போனால் மணல் சரியான இடத்தில் விழும். விரட்டினால் பாதி சிதறும். கரி உடைப்பவருக்கும் ஒரு வேகம் வைத்தோம். ஆவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைக் கண்டபடி திறப்பவருக்குத் தீ ஈடுகொடுக்காது. ஓட்டுநரிடம் மிஞ்சியது ஆவி, பிரேக், விசில், கூட வேலை செய்கிறவர்களைக் கெடுக்காத ஓட்டம்.

வந்து ஓட்டிப் பார்த்த பெரியவர் சுக்னா தாண்டிய காட்டிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டார். ரெகுலேட்டரை அவர் தொட்டதே கொஞ்சம். எங்கள் பையன் அதே இடத்தில் நின்றுபோனான்.

இதை வெளியிடும்போது 'மணல் ஓட்டுகிறவர் கையில்' என்ற பழைய அமைப்பையே இயல்பாக வைத்தார்கள். புதியதைத் தேடிப்போய்த்தான் இயக்க வேண்டும். புதிதாக வருகிறவர் முதல் ஏற்றத்திலேயே நின்றுபோனால் திரும்ப வரமாட்டார் என்பது அவர்கள் வாதம். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த பதிப்புக்கான கூட்டத்தில் மறுபடி இதைத்தான் பேசப்போகிறேன்.