கியர் பாக்ஸை இறக்காமலே நின்ற ஆயில் கசிவு

எங்கள் கார் 2005 மாடல், பெட்ரோல் வண்டி, கையால் கியர் போடுவது. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த புதுப்பித்தலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அடியில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது.

சொட்டுவது எது என்று தெரியாமல் எந்தப் பட்டறைக்கும் போகக் கூடாது என்பது என் எண்ணம். ஏசி தண்ணீர் என்றால் கவலை இல்லை. கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். இன்ஜின் ஆயில் ஓட ஓடக் கறுத்துவிடும். இரவில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்தேன். காலையில் இடது முன்சக்கரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, பழுப்பு நிறத்தில் கெட்டியான எண்ணெய். தொட்டு முகர்ந்தால் குப்பென்று கந்தக வாடை. கியர் ஆயில்தான், சந்தேகமே இல்லை. ஐந்தாவது கியரில் கொஞ்ச நாளாகக் கேட்ட ஊளைச் சத்தத்துக்கும் காரணம் புரிந்தது.

முதலில் காட்டிய பட்டறையில், "கியர் பாக்ஸை இறக்கணும் சார், அப்படியே கிளட்ச் செட்டும் மாத்திடலாம்" என்றார்கள். வண்டியை ரேம்பில் ஏற்றிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று காட்டாமல் பெட்டியை இறக்கச் சொல்பவரிடம் எப்படி வண்டியை விடுவது? திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் தாம்பரம் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் அடிப்பாகம் முழுவதையும் டீசல் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். பிறகு கியர் பாக்ஸ் மேல் முகப் பவுடரைத் தூவி, "வண்டலூர் வரைக்கும் போயிட்டு வா தம்பி" என்றார். வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு தெளிவாகத் தெரிந்தது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான இடது டிரைவ் ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்திலிருந்து கீழே இறங்கியிருந்தது.

"இன்ஜினும் பெட்டியும் சேர்ற இடம் காஞ்சு கிடக்கு பாரு. அங்க ஒழுகினாத்தான் பெட்டியை இறக்கணும். இது வெறும் ஆக்ஸில் சீல்." ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம் அது.

வேலை தொடங்கியதும் ஆயிலை ஊற்றும் போல்ட்டைத்தான் முதலில் கழற்றிப் பார்த்தார். அது துருவேறித் திறக்காமல் போனால், கீழே வடித்துவிட்ட பிறகு திரும்ப ஊற்ற வழியிருக்காது. வடிந்தது இருக்க வேண்டியதில் பாதிதான் வரும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். துண்டு துண்டாக வந்திருந்தால்தான் பல் உடைந்திருக்கும் என்றார். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

பழைய சீலின் ரப்பர் உதடு வெந்து கல்லாகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். சீல் சில நூறு ரூபாய்தான். இடதும் வலதும் வேறு வேறு என்பதால், பொறித்திருக்கும் எண்ணை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். ஆயில் விஷயத்தில்தான் கடைக்காரரிடம் கொஞ்சம் மல்லுக்கட்டினேன். என் வண்டியின் கையேட்டில் இருப்பது 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (கியர் ஆயிலின் வகை). அவர் ஜிஎல்-5 டப்பாவை எடுத்து வைத்து, "இது அதைவிட உசத்தி சார்" என்றார். ஜிஎல்-5இல் கந்தகம் கலந்த சேர்மானங்கள் அதிகம்; சில வகைகள் கியர் பாக்ஸுக்குள் கியர் மாறும்போது வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். கையேட்டில் போட்டதையே கேட்டு வாங்கினேன்.

புது சீலை அடிக்கும் முன் பெரியவர் ஷாஃப்ட்டில் உதடு உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பார்த்தார். லேசாக ஒரு பள்ளம். சீலை முன்பு இருந்த ஆழத்துக்கு அடிக்காமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினார், உதடு தேயாத இடத்தில் பட வேண்டும் என்று. இந்த நுணுக்கம் தெரியாதவர் மாட்டினால் புது சீலும் சீக்கிரமே ஒழுகும்.

எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது: வலது பக்கமும் அதே வயதுதானே, அங்கேயும் லேசாக ஈரம் தெரிகிறதே? கேட்டதும் அவர் கியர் பாக்ஸின் மேலே இருந்த சின்ன மூச்சுக்குழாய் மூடியைக் கழற்றினார். சேறும் எண்ணெயும் கலந்து இறுகி அடைத்திருந்தது. வண்டி ஓடிச் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆவி போகும் வழி அடைத்த குக்கர் மாதிரி, அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. ஒரு கம்பியால் குத்தி, பெட்ரோல் விட்டுச் சுத்தம் செய்தார். எந்தப் பழைய வண்டியில் சீல் மாற்றினாலும் இதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும் வரை ஆயில் விட்டோம். ஐந்தாவது கியரின் ஊளை குறைந்துவிட்டது, முழுவதும் போகவில்லை. குறைந்த ஆயிலில் ஓடியதில் பேரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்கிறார். அடைப்பை எடுத்தபின் வலது பக்க ஈரம் நின்றுவிட்டதால் அந்த சீலைத் தொடவில்லை. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது மாற்றுவதற்காக வாங்கி வைத்திருக்கிறேன்.