சுங்குடிச் சாயக்கழிவு: படிகாரம் எதை எடுக்கும், எதை விடும்

மதுரைச் சுங்குடிப் பட்டறைக் கழிவுநீரில் கண்ணுக்குத் தெரிவது நிறம், தெரியாதது உப்பு.

நிறத்துக்குப் படிகாரம். 10 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 10 மில்லிகிராம் இருக்கும். எவ்வளவு படிகாரம் போதும் என்று பார்க்க, ஆறு பீக்கர்களில் தலா 1 லிட்டர் கழிவுநீர் எடுத்து, இந்தக் கரைசலை 10, 20 என்று 60 மி.லி. வரை ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அடுத்த 15 நிமிடம் மெதுவாக, பிறகு அரைமணி அசைக்காமல் வையுங்கள். மெதுவாகக் கலக்கும்போது வேகம் கூடினால் திரண்ட துகள் உடைந்து தெளியாது.

நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6 முதல் 7-க்குள் இருக்க வேண்டும். சோடா சாம்பல் போட்ட கழிவு 10-ஐத் தாண்டும். முதலில் அமிலத்தால் இறக்குங்கள். படிகாரமும் இறக்கும் என்பதால் 5-க்குக் கீழே போனால் திரளாது, சுண்ணாம்பு சேருங்கள்.

ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பில் சேரும் வகை) நீரில் நன்றாகக் கரைவதால் படிகாரத்துக்கு முழுதாக அகப்படாது. மிச்சத்துக்குக் கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்).

உப்பு இரண்டிலும் நிற்காது. படிகாரத்தின் சல்பேட்டால் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு, சற்றுக் கூடவே செய்யும். ஆர்ஓவும் (சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) ஆவியாக்கலும்தான் வழி. நிறம் போனதென்று வைகையில் விடுவது பெருந்தவறு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கிணறுகள் உவர்த்துவிடும். அடியில் தங்கும் சேற்றையும் வயலில் கொட்டக்கூடாது. உலர்த்தி, அபாயக் கழிவுக் கிடங்குக்கே அனுப்ப வேண்டும்.