காரப்பேட்டைக்கு கீமோவுக்குப் போகிறவர்களுக்கு

அக்காவின் மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டிதான் என்று உறுதியானதும் செய்யாறிலிருந்து எங்களை அனுப்பிய இடம் காஞ்சிபுரம் காரப்பேட்டை. அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை என்பது முழுப்பெயர். அண்ணா புற்றுநோயால் இறந்த 1969-ஆம் ஆண்டிலேயே அவர் பிறந்த ஊரில் தொடங்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் 'காரப்பேட்டைக்குப் போறோம்' என்று சொன்னால் போதும், யாருக்கு என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

முதலில் பேப்பர் விஷயம். பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து பரிசோதனைக்குச் சதை, எடுத்த தனியார் மருத்துவமனை எங்களிடம் ரிப்போர்ட் மட்டும்தான் கொடுத்திருந்தது. ஓ.பி. டாக்டர் கேட்டதோ ஸ்லைடும் பிளாக்கும். எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டிதான் பிளாக். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. புற்று எந்த வகை என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 பரிசோதனைகளை பிளாக்கிலிருந்துதான் செய்கிறார்கள். எந்த மருந்து என்பது அதை ஒட்டித்தான் முடிவாகிறது. அதைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மனு எழுதிக் கொடு, லேப்காரர் சாப்பிடப் போயிருக்கிறார், நாளைக்கு வா. பயாப்சி எடுக்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும்.

கீமோ, அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் நாள் அன்று, முதலில் எடை பார்க்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மருந்தின் அளவை உயரம், எடை இரண்டையும் வைத்துக் கணக்கிடுவதால் ஒவ்வொரு தடவையும் இது உண்டு. அக்காவுக்கு அட்ரியாமைசின். பார்க்க ரோஸ்மில்க் எசென்ஸ் மாதிரி சிவப்பு. இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் முன்கூட்டியே எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டொரு நாள் சிறுநீர் சிவந்து போகும், பயப்படாதே என்று சிஸ்டர் சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அன்று ராத்திரியே வண்டி பிடித்திருப்போம். ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே கத்திச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். அந்த மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும்.

அடுத்த முறை போனபோது மருந்து ஏற்றவில்லை. 'கவுன்ட் கம்மியா இருக்கு, அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்பினார்கள். கவுன்ட் என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. அக்கா பெஞ்சிலேயே அழுதுவிட்டாள். நோய் முற்றிவிட்டது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று அவளுக்கு எண்ணம். பக்கத்தில் இருந்த ஆரணிக்கார அம்மா, 'எனக்கும் இப்படித்தாம்மா அனுப்புனாங்க, அப்புறம் வந்து போட்டுக்கிட்டேன்' என்றார். டாக்டர் சொன்ன விவரம் இதுதான்: ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் கீமோ அடிக்கிறது. மருந்து ஏற்றிய இரண்டாவது வாரத்தில் வெள்ளணுக்கள் நன்றாகக் குறைந்து, மெல்ல ஏறி வரும். 21 நாள் இடைவெளி விடுவதே அதற்காகத்தான். சிலருக்கு ஏற இன்னும் சில நாள் ஆகும், அவ்வளவுதான். புற்று வளர்கிறதா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. இதை முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் அழாமல் வீடு போவார்கள் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முந்தின நாளே செய்யாறில் ரத்தம் கொடுத்து ரிசல்ட்டோடு போகிறோம். கவுன்ட் போதவில்லை என்றால் பஸ் ஏறும் முன்பே தெரிந்துவிடுகிறது.

ஒன்றே ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது: காய்ச்சல். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித் தொற்றை எதிர்ப்பது உடம்புக்குக் கஷ்டம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், கீமோ நடக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டு சிகிச்சை விவரம் எழுதியிருக்கும் மருத்துவமனை நோட்டை நீட்டுங்கள்.